கல்பாசியும் பெயரிடும் கலையும்



செட்டிநாட்டுச் சமையலில் பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ ஆகியவற்றோடு எண்ணெயில் பொரிகின்ற சருகு ஒன்று உண்டு. மளிகைக் கடையில் கல்பாசி என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். மேற்புறம் சாம்பல் பூத்திருக்கும். அடிப்புறம் கரிபடிந்தது போல் இருக்கும். விரலிடுக்கில் வைத்து அழுத்தினால் நொறுங்கிவிடும். முகர்ந்து பார்த்தால் பெரிதாக மணம் ஒன்றும் இராது. சூடான எண்ணெயில் விழுந்த பிறகே அது தன்னை வெளிப்படுத்தும். இந்த அவையில் அமர்ந்திருக்கும் கவிஞர்களில் அதை உண்ணாதவர் அரிதாகவே இருப்பர். கவிதைக்குள் கொண்டு வந்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.

கல்பாசி கல்லில் மட்டும் வளர்வது அன்று; மரப்பட்டைகளிலும் வளர்கிறது. அது வெறும் பாசியும் அன்று. தாவர நூல்கள் லைக்கன் என்று குறிப்பிடும் பெருங்கூட்டத்தைச் சேர்ந்தது. லைக்கன் என்பது ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் ஒரே உடலாகக் கூடி வாழும் வாழ்க்கை. பூஞ்சையின் இழைகள் சுவரும் கூரையும் ஆகின்றன. அந்தக் கூரையின் கீழே பச்சைப் பாசியின் உயிரணுக்களோ நீலப்பச்சை நுண்ணுயிரிகளோ இருந்துகொண்டு ஒளியில் உணவு ஆக்குகின்றன. தமிழ் மக்கள் இதில் பாசியைக் கண்டு பெயர் வைத்தார்கள். அறிவியலின் பெயர்விதிகளோ நேர்மாறானவை: ஒரு லைக்கனுக்குச் சூட்டப்படும் இலத்தீன் பெயர் அதிலுள்ள பூஞ்சைக்கே உரியது, உள்ளிருக்கும் பாசிக்கு வேறு பெயர் உண்டு. ஆக, மளிகைக்கடைப் பெயரும் பாதிப் பெயர்தான். ஆய்வுக்கூடப் பெயரும் பாதிப் பெயர்தான்.

இந்தக் கூட்டு வாழ்க்கை எளிதில் ஒப்புக்கொள்ளப்படவில்லை. லின்னேயஸ் 1753இல் தாவர இனங்களை வரிசைப்படுத்தியபோது, தமக்குத் தெரிந்த எண்பது வகைகளை ஒட்டி 'லைக்கன்' என்னும் ஒரே பேரினத்துக்குள் அடைத்துவிட்டார். தாவர உலகின் பரம ஏழைக் குடியானவர்கள் என்று அவற்றை அவர் அழைத்தது பின்வந்தவர்களால் அடிக்கடி எடுத்துக் காட்டப்படுகிறது. அவருடைய மாணவர் அகாரியஸ்தான் அந்த ஏழைகளுக்குத் தனித்தனி வீடு கட்டிக் கொடுத்தவர். ஆயினும் அவருங்கூட லைக்கனை ஒற்றை உயிர் என்றே எண்ணினார். 1867இல் சுவிட்சர்லாந்தின் சைமன் ஷ்வெண்டெனர் இது ஓர் உயிர் அன்று, இரண்டு என்று அறிவித்தார். அவர் அதைச் சொல்லத் தேர்ந்த உவமைகள்தாம் எதிரிகளுக்கு ஆயுதமாயின. பூஞ்சையை எசமானனாகவும் பாசிகளை அடிமைகளாகவும் உருவகித்தார். சிலந்தியும் இரையும் என்றார். ஸ்காட்லாந்துப் பாதிரியாரும் லைக்கன் ஆய்வாளருமான கிராம்பி 1874இல் இதைப் பரபரப்பான காதற்கதை என்று எள்ளி நகையாடினார். சிறைப்பட்ட பாசிக் கன்னி, கொடுங்கோலனான பூஞ்சை மன்னன் என்று அவரும் தம் பங்குக்கு ஓர் உருவகம் படைத்தார். அக்காலத்தின் மிகப் பெரிய லைக்கன் அறிஞரான நைலாண்டர் 1899இல் மறையும்வரை இந்தக் கொள்கையை ஏற்கவே இல்லை. உவமை ஒன்று உண்மையின் வழியை எவ்வளவு காலம் மறித்து நிற்கக்கூடும் என்பதற்குக் கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத்தக்க சான்று இது. 2016இல் ஸ்பிரிபில் என்பவரும் உடன் ஆய்ந்தவர்களும் சில லைக்கன்களின் மேற்தோலில் மூன்றாவதாக ஒரு நொதிப்பூஞ்சையும் குடியிருப்பதைக் காட்டினர். அது எல்லா லைக்கன்களிலும் உண்டா, அதன் வேலை என்ன என்ற வாதம் தொடர்ந்து நடந்து வருகிறது. இரண்டு என்பதை ஒப்புக்கொள்ளவே பல பத்தாண்டுகள் ஆயின. மூன்று என்றால் இன்னும் கொஞ்சம் பொறுக்கத்தான் வேண்டும்.

இனி மலைக்கு வரலாம். உயிர்ப்பன்மை செறிந்தும் அதே வேளையில் அழிவின் விளிம்பில் நின்றும் உள்ள நிலப்பகுதிகளை உலகம் தனியே கவனிக்க வேண்டும் என்று நார்மன் மயர்ஸ் 1988இல் எழுதினார். அவருடைய முதற்பட்டியலில் பத்து வெப்பமண்டலக் காடுகள் இடம்பெற்றன. மேற்குத் தொடர்ச்சி மலை அதில் இல்லை. 1990இல் பட்டியலை விரித்தபோதுதான் அது உள்ளே வந்தது. 2000இல் வெளியான திருத்திய பட்டியல் மேற்குத் தொடர்ச்சி மலையையும் இலங்கையையும் ஒரே செறிவிடமாகக் கொண்டது. இன்று உலகில் அத்தகைய இடங்கள் 36. தகுதிக்கு அளவுகோல் இரண்டு: அந்நிலத்துக்கே உரிய, வேறெங்கும் இல்லாத கலன்தாவரங்கள் குறைந்தது 1,500 இருக்க வேண்டும், முன்பிருந்த இயற்கைப் பசுமையில் நூற்றுக்கு எழுபது பங்கேனும் அழிந்திருக்க வேண்டும். பூக்கும் செடிகளும் மரங்களும் பெரணிகளும் எண்ணப்பட்டன. லைக்கன்கள் எண்ணப்படவில்லை.

இதே மலைச் சாரலைப் பாட வந்த கபிலரும் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைத்தாம் அடுக்கினார். பூவைத் தேடிப் போனவரிடம் பூவாத உயிரை ஏன் பாடவில்லை என்று கேட்பது முறையாகாது. பாசியைச் சங்கப் புலவர் அறியாதவரும் அல்லர். ஊர் மக்கள் உண்ணும் துறையில் தொட்டால் விலகி, விட்டால் பரவும் நீர்ப்பாசியைத் தலைவியின் பசலைக்கு உவமையாக்கிய நுட்பம் குறுந்தொகையில் உண்டு. ஆனால் அது நீரின் பாசி. பாறையிலும் பட்டையிலும் அசையாமல் ஒட்டியிருப்பவற்றைக் கணக்கெடுக்கும் வேலை வேறு நாட்டவர் கைகளில், வெகு காலம் கழித்தே தொடங்கிற்று.

புதுச்சேரியில் பிரெஞ்சு அரசின் தாவரவியலாளராகப் பணிபுரிந்து அங்கேயே 1870இல் மறைந்த பெரோத்தே நீலகிரியில் சேகரித்த பூவாத் தாவரங்களை மோந்தாஞ் ஆராய்ந்து 1842இல் பாரிசில் வெளியிட்டார். நீலகிரி லைக்கன்கள் அச்சேறிய தொடக்க கால ஏடுகளுள் அது ஒன்று. இலங்கையில் துவெயிட்சு சேகரித்தவற்றை லெய்ட்டன் எழுதினார். 1879இல் வேகா கப்பற் பயணத்தின்போது ஆல்ம்குவிஸ்ட் திரட்டியவை நைலாண்டரின் கைக்குப் போயின. பழநி மலையில் செண்பகனூர்ச் சேசு சபைத் துறவி ஃபோரோ பாசங்களையும் லைக்கன்களையும் ஆண்டுக்கணக்கில் சேகரித்தார். இவற்றின் விளைவு ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு புதிய இனத்துக்குப் பெயர் சூட்டும்போது எந்த மாதிரியை முன்வைத்துச் சூட்டினார்களோ அதுவே அப்பெயருக்கு என்றைக்கும் சாட்சி. வகை மாதிரி என்று அதைச் சொல்வர். நீலகிரியின் பல பெயர்களுக்குச் சாட்சிகள் பாரிசில் இருக்கின்றன. நைலாண்டர் சூட்டிய பெயர்களின் சாட்சிகள் பெரும்பாலும் ஹெல்சிங்கியில் இருக்கின்றன. உயிர் கோத்தகிரிப் பாறையில் இருக்கும். அதன் பெயருக்கான மூலச் சுவடி பால்டிக் கடற்கரையில் ஒரு காகித உறைக்குள் இருக்கும்.

இந்த நிலையை மாற்றியவர்களுள் முதல்வராகச் சொல்லத்தக்கவர் லக்னோ பல்கலைக்கழகத்தின் தரணி தர் அவஸ்தி (1922–2011). 1965இல் அவர் வெளியிட்ட இந்தியா, நேபாளம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகளின் லைக்கன் பட்டியலும், 1988இலும் 1991இலும் முறையே பெருலைக்கன்களுக்கும் நுண்லைக்கன்களுக்கும் அமைத்துக் கொடுத்த இனங்காணும் திறவுகோல்களும் இல்லையென்றால், அதற்குப் பிந்திய இந்திய ஆய்வு ஒன்றும் நடந்திராது என்றே கூறலாம். பட்டியலையும் திறவுகோலையும் யாரும் இலக்கியமாகக் கொள்வதில்லை. ஆயினும் நிகண்டு செய்தவர்களுக்குத் தமிழ்ப் புலவர்கள் பட்டிருக்கும் கடனைப் போன்றதே இதுவும். புணேயின் அகர்கர் ஆய்வு நிறுவனத்தில் பட்வர்தனும் ஊர்மிளா மகிஜாவும் மேற்குத் தொடர்ச்சி மலையின் பட்டை லைக்கன்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினர். சிங், சின்ஹா ஆகிய இருவர் 2010இல் இந்தியாவுக்கெனத் தொகுத்த பட்டியலில் 2,303 இனங்கள் உள்ளன. உலகக் கணக்கு 2016இன் தொகுப்பின்படி 19,387. இலங்கையில் கோதமி வீரகோன் 2015இல் படங்களோடு ஒரு லைக்கன் நூலையே வெளியிட்டார்.

ஒரு பதிவு எப்படி உருவாகிறது என்பதை எழுத்து லைக்கன்களைக் கொண்டு விளக்கலாம். இந்த அவைக்கு அவையே பொருத்தமானவை. சோலைக்காட்டில் வழுவழுப்பான பட்டையுடைய மரத்தின் அருகே சென்று பார்த்தால், வெண்சாம்பல் நிறப் படலத்தின்மேல் எழுத்தாணியால் கீறியது போலக் கருங்கோடுகள் தெரியும். சில நேராக, சில வளைந்து, சில கிளைத்து, யாரோ ஓலையில் அவசரமாக எழுதிவிட்டுப் போனதுபோல் இருக்கும். லின்னேயஸ் இவற்றில் ஒன்றுக்கு 'எழுதப்பட்டது' என்னும் பொருளிலேயே பெயரிட்டார். இன்று அது கிராபிஸ் பேரினத்தில் இருக்கிறது. எழுதுதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழி வந்த பெயர் அது. அந்தக் கோடுகள் ஒவ்வொன்றும் பூஞ்சையின் கனியுடல். விதை போன்ற நுண்வித்துகள் அவற்றுள் விளைகின்றன.

படலம் பட்டையோடு ஒன்றியிருப்பதால் உரித்தெடுக்க வழியில்லை. வனத்துறையின் அனுமதியோடு செல்லும் ஆய்வாளர், உளியும் சுத்தியலும் கொண்டு பட்டையின் மேற்செதிலோடு சேர்த்தே எடுக்கிறார். மரத்துக்கு ஊறு நேராத ஆழத்தில் எடுக்க வேண்டும். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைவில்லையால் அங்கேயே ஒருமுறை பார்க்கிறார். மரம் எது, கடல்மட்டத்திலிருந்து உயரம் எவ்வளவு, வெயில்பட்ட பக்கமா நிழற்பக்கமா, நாள் என்ன என்பவற்றைக் குறித்துக் காகித உறையில் இடுகிறார். ஊர் திரும்பியதும் நிழலில் உலர்த்துகிறார். உண்மையான வேலை அதன் பிறகே தொடங்குகிறது. ஒரு கருங்கோட்டைச் சவரத் தகட்டால் குறுக்கே ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகச் சீவி, நுண்ணோக்கியின் கீழ் வைக்க வேண்டும். கோட்டின் சுவர் முழுவதும் கரியா, பக்கங்கள் மட்டும் கரியா? உதடுகள் போன்ற விளிம்பில் வரிகள் உண்டா? வித்துகளை ஏந்தும் அடுக்கில் எண்ணெய்த் துளிகள் கலந்திருக்கின்றனவா? ஒரு பையில் வித்துகள் எட்டா, நான்கா, ஒன்றா? வித்து குறுக்குச் சுவர்களால் மட்டும் பிரிந்திருக்கிறதா, செங்கல் கட்டுமானம்போல் குறுக்கும் நெடுக்குமாகப் பிரிந்திருக்கிறதா? வெளித்தோற்றத்தில் ஓர் இம்மியும் வேறுபடாத இரண்டு லைக்கன்கள் இந்தக் கேள்விகளில் ஏதோ ஒன்றில் பிரிந்து போகும்.

அடுத்தது வேதிச்சோதனை. நைலாண்டர் 1866இல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக் கரைசலையும் சலவைத்தூள் கரைசலையும் துளியாக இட்டு நிறமாற்றம் பார்க்கும் வழியைத் தொடங்கி வைத்தார். கூட்டு வாழ்க்கையை மறுத்த அதே நைலாண்டர்தான். பாரிசின் லக்சம்பர்க் பூங்காவில் லைக்கன்கள் இருப்பதையும் நகரின் பிற பகுதிகளில் இல்லாமற்போவதையும் கண்டு, அவை காற்றின் தூய்மையை அளந்து காட்டும் கருவிகள் என்று அதே ஆண்டில் எழுதியவரும் அவரே. ஒன்றில் தவறியவரை எல்லாவற்றிலும் தவறியவராக ஒதுக்கிவிடக் கூடாது. அவருடைய துளிச்சோதனை இன்றும் நடைபெறுகிறது. கிராபிஸின் சீவலில் ஒரு துளி இட்டதும் மஞ்சளாகிப் பின் சிவந்து, ஊசி ஊசியாகச் செம்படிகங்கள் எழுந்தால் அதில் நார்ஸ்டிக்டிக் அமிலம் இருக்கிறது என்று பொருள். ஐயம் தீராவிடில் மெல்லடுக்கு நிறச்சாரல் பிரிகையில் இட்டுப் பார்ப்பர்.

எல்லாம் முடிந்த பின்னர் திறவுகோலைத் திறந்தால் மூன்றில் ஒன்று நடக்கும். தெரிந்த இனம், தெரிந்த இடம் என்றால் அது சேகரத்தில் இன்னோர் உறை. தெரிந்த இனம், ஆனால் இந்த மலையிலோ இந்த நாட்டிலோ முன்பு காணப்படவில்லை என்றால் அது புதிய பதிவு. எந்தத் திறவுகோலுக்கும் அடங்காமல், ஹெல்சிங்கியிலும் பாரிசிலும் இலண்டனிலும் உள்ள சாட்சிகளோடும் ஒத்துவராமல் நின்றால் மட்டுமே அது அறிவியலுக்குப் புதிய இனம். அப்போது அதற்குப் பெயர் படைக்க வேண்டும். 1935 தொடங்கி 2011 இறுதிவரை அந்தப் பெயரோடு இலத்தீனில் ஒரு விளக்கமும் எழுதியே தீர வேண்டும் என்பது விதி. புணேயிலும் லக்னோவிலும் இருந்தவர்கள், மராத்தியும் இந்தியும் வீட்டில் பேசியவர்கள், யாரும் பேசாத ஒரு மொழியில் யாரும் பார்த்திராத ஓர் உயிரை வருணித்தார்கள். 2012 முதல் ஆங்கிலமும் போதும் என்றாயிற்று. 2013 முதல் பூஞ்சைப் பெயர்களுக்குப் பதிவெண்ணும் கட்டாயமாயிற்று. இலத்தீன் தேவையற்றுப் போனதில் சிலருக்கு வருத்தம் உண்டு. வருந்துவதற்கு வேறு காரியங்கள் நிறைய இருக்கின்றன.

புதிய பதிவு என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம் நிதானம் தேவை. இன்ன மலையில் இத்தனை புதிய பதிவுகள் என்று செய்தித்தாளில் வரும்போது அந்த உயிர்கள் அங்கே புதிதாக முளைத்தன என்ற எண்ணம் எழுகிறது. அவை அங்கேயே இருந்தன, ஆள் போகவில்லை. சாலையோரமும் விருந்தினர் மாளிகைச் சுற்றுப்புறமும் பலமுறை பதிவு பெற்றிருக்க, ஓர் ஓடை தாண்டிய காடு வெறுமையாகக் கிடக்கும் வரைபடங்கள் உண்டு. அந்த வெறுமை உயிரின்மை அன்று. நடந்து சென்ற கால்களின் வரலாறு. எண்ணிக்கைக்காக மட்டும் அடுக்கப்படும் பட்டியல்களும் இல்லாமல் இல்லை. எந்த மரத்தில், எந்தச் சூழலில் என்ற குறிப்பில்லாத பட்டியல், பொருள் கொடுக்காத அகராதி போன்றது.

மறுபுறம், பழைய பெயர்களே போதும் என்று இருந்துவிடவும் முடியாது. தென்னமெரிக்காவிலும் நடு அமெரிக்காவிலும் விசிறிபோல் மண்மேல் விரியும் கோரா என்னும் லைக்கனை வெகுகாலம் ஒரே இனம் என்றே நூல்கள் கூறின. 2014இல் அதன் மரபணுவை ஆராய்ந்தபோது அந்த ஒரு பெயருக்குள் 126 இனங்கள் இருந்தன. நானூற்றுக்கு மேல் இருக்கக்கூடும் என்றும் கணிக்கப்பட்டது. அதே 2014இல் எழுத்து லைக்கன் குடும்பத்தில் மட்டும் 175 புதிய இனங்கள் ஒரே கட்டுரையில் அறிவிக்கப்பட்டன. ஒற்றைச் சொல்லுக்குள் பல பொருள் ஒளிந்திருப்பது கவிதையில் வளம். பெயரிடும் துறையில் அதுவே ஆபத்து. பரவலானது, பொதுவானது என்று ஒரே பெயரால் நினைத்திருந்த ஒன்று, ஒரு சோலைக்கு மட்டுமே உரிய அரிய இனமாக இருந்துவிடலாம். சோலை போனபின் அதைத் தெரிந்துகொள்ள வழி ஏது? மேற்குத் தொடர்ச்சி மலையின் பழைய பெயர்களில் பலவற்றுக்கு இத்தகைய மரபணுச் சோதனை இன்னும் நடக்கவில்லை.

சோலைகள் போன கதை தெரிந்ததே. நீலகிரியில் கற்பூர மரம் என்று மக்கள் அழைக்கும் யூகலிப்டஸ் 1840களில் வந்தது. சீகை என்கிற வாட்டிலும் வந்தது. தேயிலை மலைகளையே மூடிற்று. லைக்கனின் கண்கொண்டு பார்த்தால் இவற்றுள் கற்பூர மரம் தனி வகைக் கொடுமை. அது ஆண்டுதோறும் பட்டையைக் கீற்றுக் கீற்றாக உரித்துக் கொட்டும். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக வளரும் ஓர் உயிருக்கு, வருடந்தோறும் நிலம் உதிர்ந்துபோனால் குடியேற்றம் எங்ஙனம் நிகழும்? வெயில் விரும்பும் சில இனங்கள் தோட்டத்து நிழல் மரங்களிலும் செழிக்கின்றன என்பது உண்மையே. காட்டின் உட்புறத்து ஈரநிழலுக்கே பழகியவற்றுக்கு அந்த வசதி இல்லை. அடர்மழைக் காடுகளில் உயிருள்ள இலையின் மேற்பரப்பிலேயே பரவி, அந்த இலை உதிருமுன் வாழ்ந்து முடிக்கும் லைக்கன்களும் உண்டு. மேல்விதானம் திறந்து வெயில் உள்ளே புகுந்தால் முதலில் மறைவன அவையே.

கல்பாசியின் வாணிகமும் இதில் சேரும். அது சிறு வனமகசூல். மலைவாழ் மக்கள் பலருக்கு அது கைச்செலவுக்குரிய வருவாய். சேகரிப்பவர் இன்ன இனம் என்று பிரிப்பதில்லை, பிரிக்கவும் இயலாது. சாம்பல் நிறத்தில் இலைபோல் விரிந்தது எதுவாயினும் சாக்குக்குள் போகிறது. சந்தைக்கு வரும் கல்பாசிப் பொட்டலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட லைக்கன் இனங்கள் கலந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வளர்வது கைப்பிடியாகச் சுரண்டப்படும்போது அந்தப் பாறை மீண்டும் பூப்பதற்குப் பல ஆண்டுகள் ஆகும். பெறும் கூலிக்கும் அந்த ஆண்டுகளுக்கும் யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. பழி சேகரிப்பவர் மேல் அன்று. கிலோக் கணக்கில் வாங்கும் சந்தை இனக்கணக்குக் கேட்பதே இல்லை.

லக்னோவின் தேசியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தில் அவஸ்தியின் சேகரம் இன்று பாதுகாக்கப்படுகிறது. புணேயிலும் மாதிரிகள் உள்ளன. இத்தகைய சேகரங்களில் முழுவதும் இனங்கண்டு முடியாத உறைகள் எப்போதும் சில இருக்கும். மேலே மலையின் பெயரும், மரத்தின் பெயரும், உயரமும், சேகரித்த நாளும் தெளிவாக எழுதப்பட்டிருக்கும். அதன்கீழ் இனப்பெயருக்கான வரியில் கிராபிஸ் என்ற ஒரு சொல் மட்டும் நிற்கும். அதற்கு வலப்புறம், இரண்டாம் சொல் வர வேண்டிய இடம், பென்சிலால் எழுதி அழித்த தடத்தோடு காலியாக இருக்கும்.